உயிரோடிருந்தவனுக்குப் போட்ட போஸ்டர்

எங்கள் கடையில் ஒரு சட்டம் உண்டு. கண்ணீர் அஞ்சலி ஃபைலில் உயிரோடு இருப்பவன் படத்தை வைக்கக் கூடாது. சும்மா அளவு பார்க்கக்கூட வைக்கக் கூடாது. மாலை சரியாக விழுகிறதா என்று பார்க்க வேண்டுமென்றால் அதற்கென்று ஒரு பூசணிக்காய் படம் இருக்கிறது. அதை வைத்துப் பார்த்துவிட்டு எடுத்துவிட வேண்டும். வேலை முடிந்ததும் ஃபைலை மூடி, பிள்ளையார் படத்தை ஒரு தடவை திரையில் திறந்து காட்டிவிட்டுத்தான் அடுத்த காதுகுத்து பேனரைத் தொடலாம்.

ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கிற பிளக்ஸ் கடை அது. நான் அங்கே டிசைனர். மதுரைக்கு மேற்கே செத்துப்போனவர்களில் பாதிப் பேருக்குக் கம்ப்யூட்டரில் மாலை போட்டவன் நான்தான் என்று சொன்னால் பெருமைக்குச் சொல்வதாக நினைக்காதீர்கள். சாவுக்கு நேரங்காலம் கிடையாது, ஒரு மணி நேரத்தில் போஸ்டர் சுவரில் இருக்க வேண்டும். அதனால் எல்லாம் தயாராக இருக்கும். சட்டகம், குத்துவிளக்கு, தோற்றம், மறைவு, ஊர், "கண்ணீருடன்" என்று தொடங்கும் வரி, கீழே மூலையில் எங்கள் கடைப் பெயர். படத்தையும் பேரையும் போட்டால் முடிந்தது வேலை.

"உசுரோட இருக்கவன் மூஞ்சிய அதுல வச்சுப் பாக்காதடா, வெளங்காது" என்பார் முதலாளி. நான் சிரிப்பேன். சிரித்த அந்த வாயில் இப்போது நானே ஒன்று போட்டுக்கொள்ளலாம் போல இருக்கிறது.

நான் அந்தச் சட்டத்தை ஒரே ஒரு தடவை மீறினேன். அது ஒரு விளையாட்டுக்காக. விளையாட்டுக்காக என்றால் நிஜமாகவே ஒரு கம்ப்யூட்டர் கேமுக்காக.

கல்லூரி நாளில் நாகமலை புதுக்கோட்டையில் ஒரு கேம் சென்டர் இருந்தது. ஆறு கம்ப்யூட்டர், ஒரு ஃபேன், அதுவும் ஓனர் பக்கமாகவே திரும்பியிருக்கும். அங்கேதான் நானும் என் சிநேகிதனும் மூன்று வருடம் குடியிருந்தோம். அவன் சோழவந்தான்காரன். வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருக்கும் குடும்பம். காலையில் பஸ்ஸில் வந்து இறங்குவான், கையில் டிபன் பாக்ஸ் இருக்கும், அதில் இரண்டு ஆள் சாப்பாடு இருக்கும். எனக்கும் சேர்த்து அவன் அம்மா கட்டிக் கொடுத்துவிடுவார். வகுப்புக்குப் போவதாக இரண்டு வீட்டிலும் நம்பிக்கை.

நாங்கள் விளையாடியது ஒரே ஒரு ஆட்டத்தைத்தான். எல்லையில் ஒரு பாழடைந்த கோட்டை. நீங்கள் வெளியே போய்க் கல் சுமந்து வந்து சுவரைக் கட்ட வேண்டும். எப்படிக் கட்டுவது என்று ஒருத்தரும் சொல்லித் தர மாட்டார்கள். தப்பாகக் கட்டினால் மழையில் இடிந்து விழும், அவ்வளவுதான். ஒவ்வொரு தடவை திரும்பி வரும்போதும் வாசலில் ஒரு கிழட்டுக் காவல்காரன் ஈட்டியை நீட்டிக்கொண்டு, முரட்டு இங்கிலீஷில், யார் அங்கே என்று கேட்பான். ஆயிரம் தடவை போனாலும் அதே கேள்வி, அதே முறைப்பு. அந்த முறைப்பு எங்களுக்கு அப்படிப் பிடிக்கும். உலகம் முழுக்க அந்த ஆட்டத்துக்கு ரசிகர்கள் இருந்தார்கள் என்பதெல்லாம் பிற்பாடுதான் தெரியும். எங்களைப் பொறுத்தவரை அது எங்கள் இரண்டு பேருக்காகச் செய்தது.

மூன்று பாகம் வந்தது. மூன்றாவதின் கடைசியில் கோட்டையின் வடக்குச் சுவர் பாதியில் நிற்கும். அதோடு முடிந்தது. அப்புறம் பத்து வருடத்துக்கு மேல் ஒன்றும் வரவில்லை.

"என்னைக்காவது நாலாம் பாகம் வரும் மாப்ள. அதுல நம்ம பேரு இருக்கும், பாரு" என்று அவன் சொல்வான். நம்ம பேரு என்றுதான் சொல்வான், என் பேரு என்று சொன்னதில்லை. படிப்பு முடிந்ததும் பெங்களூருக்குப் போய் கேம் டிசைன் படிக்கக் கிளம்பினான். என்னையும் கூப்பிட்டான். "ஒரே ரூம்ல இருந்துக்கலாம், வாடா."

"அடுத்த மாசம் வாரேன்" என்றேன். அடுத்த மாதம் பிளக்ஸ் கடையில் வேலை கிடைத்தது. பக்கத்திலேயே வேலை, வீட்டுச் சோறு, போதாதா? யாரும் என்னைப் பிடித்து வைக்கவில்லை. எனக்குப் பயம், போகவில்லை. இதை ஒப்புக்கொள்ள இவ்வளவு காலம் ஆயிருக்கிறது.

ஆனாலும் ஆட்டத்தை நான் விடவில்லை. அதற்கென்று தமிழில் ஒரு ரசிகர் குழு தொடங்கினேன். திருநெல்வேலியிலிருந்து திருவள்ளூர் வரை ஆள் சேர்ந்தது. சிங்கப்பூர், துபாய் ஆட்களும் வந்தார்கள். நான்தான் அட்மின். கடையில் நான் காதுகுத்துக்கு ரோஜாப்பூ வெட்டி ஒட்டுகிறவன், குழுவில் ராஜா. என் வார்த்தைக்கு அங்கே மறுவார்த்தை கிடையாது.

போன ஐப்பசியில் அந்தக் கம்பெனி பெரிய அறிவிப்பு ஒன்று வரப்போகிறது என்று சொன்னது. குழுவே திருவிழாக்கோலம். அதற்கு நாலு நாள் முன்னால் அவன் போன் செய்தான்.

"ஞாயித்துக்கெழம சாயங்காலம் பாரு மாப்ள. இப்ப ஒண்ணும் சொல்லக் கூடாதுன்னு எழுதி வாங்கிருக்காங்க. ஆனா நீ மொதல்ல பாக்கணும்."

எனக்கு விளங்கிவிட்டது. அவன் கம்பெனிக்குள் போய்விட்டான். அந்த ஆட்டத்துக்குள்ளேயே போய்விட்டான். சந்தோஷம்தான் என்று சொன்னேன். வாய் சொன்னது. வயிறு எரிந்ததை வாய் எப்படிச் சொல்லும்?

ஞாயிறு சாயங்காலம் கடையில் நான் மட்டும். பெரிய திரையில் அறிவிப்பைப் போட்டுவிட்டு உட்கார்ந்தேன். இசை வந்தது, கோட்டை வந்தது, வடக்குச் சுவர் வந்தது. உடம்பெல்லாம் புல்லரித்தது. அப்புறம் அந்தக் காட்சி சுருங்கிச் சுருங்கி ஒரு செல்போனுக்குள் போய் நின்றது. ஒரு விரல் வந்து கல்லைத் தொட்டது. கல் தானாகப் பறந்து போய்ச் சுவரில் உட்கார்ந்தது. "இனி உங்கள் கையில்" என்று எழுத்து வந்தது. நாலாம் பாகம் இல்லை. மொபைல் கேம். இன்றைக்கே இறக்கிக்கொள்ளலாம், தமிழிலும் விளையாடலாம்.

அடப்பாவிகளா என்று தனியாகக் கத்தினேன். பத்து வருடக் காத்திருப்புக்கு ஒரு செல்போன் விளையாட்டா? பஸ்ஸில் போகிறவன் மிட்டாய் உடைக்கிற மாதிரி எங்கள் கோட்டையைக் கட்டுவதா? குழுவில் அதற்குள் தீப்பிடித்துவிட்டது. அழுகிறவன், கெட்ட வார்த்தை பேசுகிறவன், போனை உடைத்துப் படம் போடுகிறவன், எல்லாரும் ஒரே நேரத்தில்.

அந்த நேரம் பார்த்து அவன் தன் பக்கத்தில் ஒரு படத்தைப் போட்டான். ஆபீஸில் பத்துப் பேரோடு சிரித்துக்கொண்டு நிற்கிறான். "தமிழ் வசனம் முழுக்க நான் எழுதினது. என் வாழ்நாள் கனவு" என்று கீழே எழுதியிருந்தான்.

இறக்கிப் பார்த்தேன். சின்னத் திரையில் அதே வாசல், அதே கிழட்டுக் காவல்காரன். ஈட்டியைத் தாழ்த்திவிட்டு என்னைப் பார்த்துத் தமிழில் கேட்டான்: "வாய்யா, சாப்டியா?"

அது யாருடைய வார்த்தை என்று எனக்குத் தெரியும். சோழவந்தானில் அவன் வீட்டு வாசலில் நான் கால் வைத்தபோதெல்லாம் கேட்ட வார்த்தை. அவன் அம்மா வேறு எதுவும் கேட்க மாட்டார். பரீட்சை எழுதினாயா, பாஸா பெயிலா, ஒன்றும் கிடையாது. சாப்டியா, அவ்வளவுதான். சாப்பிடாமல் அந்த வீட்டை விட்டு ஒரு ஆள் வெளியே போக முடியாது. அந்த வார்த்தையைக் காவல்காரன் வாயில் கேட்டபோது ஒரு நிமிஷம் கடைக்குள் அந்த வீட்டுக் குழம்பு வாசம் அடித்தது. பொய் சொல்லவில்லை, அடித்தது. அந்த ஒரு நிமிஷத்தோடு நான் நிறுத்தியிருக்கலாம்.

நிறுத்தவில்லை. ஆட்டத்துக்கு மார்க் போடுகிற இடத்தில் ஐந்துக்கு ஒற்றை நட்சத்திரத்தை அழுத்தினேன். கீழே எழுதினேன்: "எல்லையில் நிக்கிற காவக்காரன் சாப்டியான்னு கேக்குறான். கோட்டையைச் சோத்துக்கடை ஆக்கிட்டாங்க. இது செத்துப்போச்சு." அதைப் படம் பிடித்துக் குழுவில் போட்டு, எல்லாரும் இதே மாதிரி ஒரு நட்சத்திரம் போடுங்கள் என்றேன். ராஜா சொல்லிவிட்டார் அல்லவா, போட்டார்கள். சாப்டியா, சாப்டியா என்று ஊரே கேலி பேசியது. யாரோ ஒருத்தன் அவன் போன் நம்பரைக் கண்டுபிடித்துக் குழுவில் போட்டான். அதை நீக்குகிற அதிகாரம் எனக்கு இருந்தது. நீக்கவில்லை.

அதோடு விட்டேனா? எதிரே கம்ப்யூட்டர் இருந்தது. அதில் கண்ணீர் அஞ்சலி ஃபைல் இருந்தது.

அவன் படத்தை வெட்டி மாலைக்குள் வைத்தேன். என் கல்யாணத்தில் எடுத்த படம். என் பக்கத்தில் மாப்பிள்ளைத் தோழனாக நின்று சிரித்தான். என்னை வெட்டி எறிந்துவிட்டு அவனை மட்டும் எடுத்துக்கொண்டேன். தோற்றம் என்ற இடத்தில் ஆட்டத்தின் முதல் பாகம் வந்த வருடம். மறைவு என்ற இடத்தில் அன்றைய தேதி. ஊர் என்ற கட்டம் காலியாக இருந்தது, கை தானாகவே சோழவந்தான் என்று அடித்தது. தொழில் பழக்கம், கட்டத்தைக் காலியாக விடக் கூடாது. "கண்ணீருடன், கோட்டை ரசிகப் பெருமக்கள்" என்று பொடி எழுத்தில் போட்டேன். வேலை சுத்தமாக இருந்தது. குழுவில் விட்டேன். சிரிப்புச் சிரிப்பாக வந்து விழுந்தது. கடையைப் பூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்ப் பொண்டாட்டியிடம்கூடக் காட்டிச் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. "நம்ம கல்யாண போட்டோவா இது?" என்று மட்டும் கேட்டாள்.

மறுநாள் காலை பத்தரை மணி இருக்கும். கடைக்குள் ஒருத்தர் வந்தார். வெள்ளை வேட்டி, தோளில் துண்டு, காலில் செருப்பில்லை. போனை என் முன்னால் நீட்டினார். திரையில் நான் போட்ட போஸ்டர்.

"தம்பி, இது நீங்க அடிச்சதுதான? கீழ ஒங்க கடைப் பேரு இருக்கு."

இருந்தது. மூலையில், பளிச்சென்று. அது எப்போதும் அந்த ஃபைலோடு ஒட்டியே இருப்பது. எடுக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

"நான் பையனுக்குத் தாய்மாமன். காலையில இது ஊர் குரூப்ல வந்துச்சு. அவன் போன் ஆஃப்லயே இருக்கு. ஆபீஸ் நம்பரு எங்க யாருக்கும் தெரியாது. யாரு வந்து ஆர்டர் குடுத்தாங்கன்னு மட்டும் சொல்லுங்க தம்பி. ஒடம்பு எங்க இருக்குன்னு தெரிஞ்சாப் போதும், வண்டி பிடிச்சுப் போயிருவோம்."

எங்கள் பக்கம் இப்போதெல்லாம் சாவுச் செய்தி போனில் போஸ்டராகத்தான் வரும். மாலையும் விளக்கும் இருந்தால் முடிந்தது, யாரும் பொடி எழுத்தைப் படிப்பதில்லை. பிறந்த வருடம் தப்பு என்றால் பிளக்ஸ் கடைக்காரன் தப்பாக அடித்திருப்பான் என்று விட்டுவிடுவார்கள். அவன் போன் ஏன் ஆஃப்பில் இருந்தது என்று எனக்குத் தெரியும். எங்கள் ஆட்கள் திட்டித் தீர்த்ததில் அணைத்து வைத்திருக்கிறான். ஆக, கொன்றதும் நான், உயிரோடு இருக்கிறேன் என்று அவன் சொல்ல முடியாமல் செய்ததும் நான்.

"அண்ணே, அவன் நல்லா இருக்கான்ணே. உசுரோட இருக்கான்."

"ஒங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

இங்கே சொல்லியிருக்க வேண்டும். ஒரு வாக்கியம்தான், நான்தான் செய்தேன் என்று.

"நான் அவன் ஃபிரண்டுண்ணே. நேத்து சாயங்காலம்கூட சிரிச்சுக்கிட்டு படம் போட்டிருந்தான். இது எவனோ கிறுக்கன் பண்ண வேலை. எங்க கடைப் பேரத் திருடிப் போட்டிருக்கான்."

அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். பிறகு எழுந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "நீயே வந்து எங்கக்காகிட்ட சொல்லுய்யா. நான் சொன்னா நம்ப மாட்டா, சமாதானத்துக்குச் சொல்றேன்னு நெனப்பா." முதலாளி என் பின்னால் நின்றுகொண்டிருந்தார்.

அவன் போட்ட ஆபீஸ் படத்தில் கூட நின்ற ஒரு பெண்ணின் பக்கத்தைத் தேடி, அவசரம், அவனை உடனே என் நம்பருக்குக் கூப்பிடச் சொல்லுங்கள், அவன் அம்மா உயிர் சம்பந்தப்பட்டது என்று எழுதினேன். பார்த்துச் சொல்கிறேன் என்று பதில் வந்தது. மாமாவை வண்டியில் பின்னால் ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். வழி முழுக்க அவர் என் தோளைப் பிடித்திருந்தார்.

சோழவந்தானில் அவன் தெருவில் பந்தல் போட்டுவிட்டார்கள். பிளாஸ்டிக் நாற்காலி வந்து இறங்கியிருந்தது. கொடிக்காலில் நின்ற ஆளை அப்படியே கூட்டி வந்திருக்கிறார்கள் போல, அவன் அப்பா முழங்கால் வரை ஈர மண்ணோடு சுவரோரம் நின்றார். அழவில்லை, எதையும் பார்க்கவும் இல்லை. உள்ளே பெண்கள் ஒப்பாரி. நடுவில் அவன் அம்மா தலைவிரிகோலமாகத் தரையில் கிடந்தார்.

"அம்மா, அவன் உசுரோட இருக்கான்மா" என்றேன். அவர் என்னை வெறித்துப் பார்த்தார். என் சட்டையைப் பிடித்து உலுக்கினார். "பொய் சொல்லாதய்யா. பொய் சொல்லாத" என்றார். அதையே சொல்லிக்கொண்டிருந்தார்.

கால் மணி நேரம் அப்படியே போனது. எனக்கு அது கால் மணி நேரமாகத் தெரியவில்லை. பிறகு என் போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டு அவர் காதருகே பிடித்தேன்.

"மாப்ள, என்னடா? அம்மாவுக்கு என்ன?"

வீடே அடங்கிவிட்டது. அவன் அம்மா போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். அவன் "அம்மா, அம்மா" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தான். கடைசியில் அவர் கேட்டார்:

"சாப்டியாய்யா?"

பந்தலில் இருந்தவர்கள் சிரித்தார்கள், அழுதார்கள். மாமா எல்லாரிடமும் என்னைக் காட்டிக் காட்டி, இந்தத் தம்பிதான், இந்தத் தம்பிதான் என்றார். கிழவிகள் என் கன்னத்தைத் தடவித் திருஷ்டி கழித்தார்கள். அம்மா என்னைச் சாப்பிடாமல் விடவில்லை. சாவு வீட்டில் அடுப்பு எரியாது என்று பக்கத்து வீட்டார் ஆக்கிக் கொண்டுவந்து வைத்திருந்த சோறு அது. அதைத்தான் இலையில் போட்டார். அவன் சாவுக்கு வந்த சோற்றை நான் தின்றேன். இரண்டாவது தடவை போட்டபோது வேண்டாம் என்று சொல்லக்கூடத் தைரியம் வரவில்லை.

சாயங்காலம் கடைக்குத் திரும்பினேன். முதலாளி என் கம்ப்யூட்டரில் உட்கார்ந்திருந்தார். திரையில் நான் அழிக்க மறந்த ஃபைல். அவர் அதை அழித்தார், பிள்ளையார் படத்தைத் திறந்து வைத்தார், எழுந்தார். "இனிமே சாவுக் காரியத்துக்கு நீ டிசைன் பண்ண வேணாம். நான் பாத்துக்கறேன்" என்றார். வேலையை விட்டுத் தூக்கியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அன்றைக்கே அவனிடமிருந்து ஒரு செய்தி வந்தது. ஒரே வரி. "போட்டோவ நல்லா கட் பண்ணிருக்க மாப்ள."

அதற்குப் பிறகு அவன் எனக்குப் பேசவில்லை. நானும் பேசவில்லை. மன்னிச்சிருடா என்று எத்தனையோ தடவை அடித்து அழித்திருக்கிறேன். வீட்டில் அவன் ஒன்றும் சொல்லவில்லை என்பது எப்படித் தெரியும் என்றால், மாமா எப்போது ஆரப்பாளையம் வந்தாலும் கடைக்குள் எட்டிப் பார்த்து ஒரு கட்டு வெற்றிலை வைத்துவிட்டுப் போவார். "எங்கக்கா குடுத்து விட்டுச்சு" என்பார். கடையில் யாரும் வெற்றிலை போடுவதில்லை. அது அப்படியே வாடும்.

நான் குழுவைக் கலைத்தேன். போனிலிருந்து அந்த ஆட்டத்தை எடுத்தேன். போட்ட நட்சத்திரத்தை மறந்தே போனேன்.

வைகாசியில் மாமா ஒரு பேனர் வேலையோடு வந்தார். மாரியம்மன் கோயில் திருவிழாவுக்கு. "அக்கா தீச்சட்டி எடுக்குதுய்யா. மகன் உசுரத் திருப்பிக் குடுன்னு அன்னைக்கே வேண்டிக்கிருச்சு. படத்துல அவனும் இருக்கணுமாம்" என்றார். வேலையை முடித்துக் கொடுத்தேன். தீச்சட்டி சுமக்கிற அந்தக் கையை நினைத்தால் அதற்கப்புறம் வேறு வேலை ஓடவில்லை. நான் சிரிப்பதற்காகச் செய்த ஒன்றுக்கு அந்த அம்மா நெருப்பைக் கையில் ஏந்தப் போகிறார். அன்றைக்கு முடிவு செய்தேன், போய்ச் சொல்லிவிட வேண்டும். அடித்தாலும் சரி, துப்பினாலும் சரி.

திருவிழா முடிந்த அடுத்த ஞாயிறு மத்தியானம் போனேன். வாசலில் கால் வைத்ததுமே சத்தம் வந்தது.

"வாய்யா, சாப்டியா?"

ஆனால் அது அம்மாவின் குரல் இல்லை. ஆம்பளைக் குரல். அம்மா முன்னறையில் ஃபேனுக்குக் கீழே கால் நீட்டி உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளங்கையில் சூடு பட்ட கறுப்பு இன்னும் இருந்தது. ஆள்காட்டி விரலால் ஒரு கல்லைத் தொட்டார். கல் பறந்து போய்ச் சுவரில் உட்கார்ந்தது. அவர் கட்டிய கோட்டை பெரிதாக இருந்தது. வடக்குச் சுவரை முடித்துவிட்டிருந்தார்.

என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. "வாய்யா, வா. இந்தக் கெழவன் பேசுறதக் கேட்டியா? நான் கேக்குறத அப்பிடியே எழுதி வச்சிருக்கான் எம்மகன். அங்கிட்டு ஒக்காந்துக்கிட்டு என் வாயப் பாத்துருக்கான் பாரு" என்று சிரித்தார். "காலேசுக்குப் போறோம்னு போயி, ரெண்டு பேரும் இதத்தான பண்ணிக்கிட்டிருந்தீங்க? இப்பல்ல தெரியுது. எங்களுக்குக் கம்ப்யூட்டரெல்லாம் எங்க தெரியும்? போன்ல வந்ததால பாக்குறேன். அவுக அப்பாவும் சாயங்காலம் வந்து கல்லு தூக்குவாரு."

நான் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"ஆனா இத மூடப் போறாகளாம்யா." அவர் குரல் இறங்கியது. "நச்சத்திரம் கொறஞ்சு போச்சாம். யாரோ கூட்டமாச் சேந்து கொறச்சு விட்டாங்களாம். இந்த மாசத்துக்குள்ள கூடலேன்னா நிப்பாட்டிருவாங்க, அந்தக் கெழவனும் பேச மாட்டான்னு எம்மகன் சொன்னான். எம்புட்டு வருசம் ஒழைச்சிருப்பான்? அதான் தெருவுல ஒவ்வொருத்தரு போனா வாங்கி, இந்த ஆட்டத்த ஏத்திவிட்டு அஞ்சு நச்சத்திரம் அமுக்குறேன். நேத்துக் கோயில்லகூட நாலு பேருகிட்ட வாங்கிட்டேன். ஒன் போனக் குடு. நீ அப்பவே போட்டிருப்ப, இருந்தாலும் பாத்துருவம்."

தடுத்திருக்கலாம். பாட்டரி இல்லை என்று சொல்லியிருக்கலாம். எத்தனை பொய் சொன்னவன் நான், இன்னொன்று வராதா? வரவில்லை. போனைக் கொடுத்தேன்.

பழகிய விரல், சரியாக அந்தப் பக்கத்தைத் திறந்தது. மேலேயே என் பெயர், என் படம், ஒற்றை நட்சத்திரம். அம்மா அஞ்சாம் வகுப்பு வரை படித்தவர். எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பார்.

"எல்லையில்... நிக்கிற... காவக்காரன்... சாப்டியான்னு... கேக்குறான்..." அடுத்த வரியையும் வாசித்தார். சோத்துக்கடை என்பதை இரண்டு தடவை வாசித்தார். கடைசி வார்த்தையை வாய்விட்டுச் சொல்லவில்லை.

"இது நீ எழுதுனதா?"

"ஆமாம்மா."

போனிலிருந்து கண்ணை எடுத்து என்னைப் பார்த்தார். அந்த முகத்தில் என்னென்னவோ ஒன்றோடொன்று சேர்வது எனக்குத் தெரிந்தது.

"அந்தப் போஸ்டரு?"

"அதுவும் நான்தாம்மா. அதச் சொல்லத்தான் வந்தேன்."

ஃபேன் சுற்றியது. தொடாமல் விட்டிருந்த அவர் போனிலிருந்து காவல்காரன் மறுபடியும், "வாய்யா, சாப்டியா?" என்றான். அம்மா குனிந்து அதன் சத்தத்தைக் குறைத்தார். திட்டுவார் என்று இருந்தேன். அழுவார் என்று இருந்தேன். சூடு பட்ட உள்ளங்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு என் போனைத் திருப்பி நீட்டினார்.

"இத மாத்த முடியுமா?"

"முடியும்மா."

"மாத்து."

எழுதியதை அழித்தேன். ஐந்தாவது நட்சத்திரத்தைத் தொட்டேன். ஐந்தும் நிறம் மாறுகிற வரை அவர் என் விரலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சரி, போயிட்டு வா" என்றார்.

அவர் எழுந்து உள்ளே போனார். அடுப்படியில் குழம்பு கொதிக்கிற வாசம் வாசல் வரை வந்தது. வண்டியை எடுக்காமல் கொஞ்ச நேரம் நின்று பார்த்தேன். உள்ளேயிருந்து குரல் வரவில்லை. அந்த வீட்டிலிருந்து நான் சாப்பிடாமல் திரும்பியது அன்றைக்குத்தான்.